ஒன்பது மணி நேரமும் ஒரே டிஸ்க்கில்

ஜனவரி 9

தம்பிக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் முறை. உன் மாமா போய்ப் பதினோரு மாதமாகியும் நீ என்னை விசாரிக்கவில்லை, ஆகவே நானும் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த உறையில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. பஞ்சு சுற்றி மாத்திரை டப்பாவில் போட்டிருக்கிறேன். உன் மாமா செல்போனில் எடுத்த வீடியோ எல்லாம் அதில் இருக்கின்றன. டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது அவர் விழுந்தாரே, அப்போது அந்தப் போனும் அவரோடு விழுந்து நொறுங்கிவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்புதான், போனில் இடமில்லை என்று யாரையோ பிடித்து எல்லாவற்றையும் இதில் ஏற்றி வைத்திருந்தார்.

இதை டிவிடியாகப் போட்டுத் தர வேண்டும். நம் வீட்டு டிவியில் பென் டிரைவ் செருக இடம் கிடையாது. அவர் வாங்கிய டிவிடி பிளேயர் இருக்கிறது, ஆனால் அதன் தட்டு வெளியே வராது. ஹேர்பின்னை ஓட்டையில் விட்டுக் குடைந்தால் பத்துக்கு ஒரு தடவை மனமிரங்கித் திறக்கும். அதனால் டிஸ்க்கை மாற்றி மாற்றிப் போடுகிற கதை நடக்காது. எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒரு தடவை உள்ளே போனால் அது அங்கேயே கிடக்கட்டும். புதிது வாங்கலாமே என்று எழுதாதே.

கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள். நான் வெங்காயம் நறுக்குவதையும், பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதையும் யாரோ ஒருவன் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. உனக்கு மூக்கைச் சிந்திவிட்டவள் நான். உன் முன்னால் எனக்கென்ன வெட்கம்?

இன்னொன்று, என் காது. இரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வருகிறது. நரம்புக் கோளாறு, மெஷின் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது, ஜூன் ஜூலைக்குள் முழுவதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் எனக்கு இந்த டிஸ்க் வேண்டும். போன் செய்யாதே. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் பதினாறு வருடம் போன் எடுத்தவளுக்கு இப்போது அதில் கரகரப்பு மட்டும்தான் வருகிறது. போனில் எழுத்துத் தட்டவும் எனக்குப் பொறுமை இல்லை. காகிதத்தில் எழுது.

அவருடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட நீ ஏன் வரவில்லை என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்வாய். அதை நான் நம்பவும் வேண்டியிருக்கும்.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் முழுக்க டூல் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். அன்றைக்கு ஏழு லிஃப்ட் பழுது பார்த்தேன். ஏழாவது கட்டிடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் ரூமில் உட்கார்ந்துதான் படித்தேன். காதைப் பற்றி நீ எழுதிய இடத்தை மூன்று தடவை படித்தேன். வரட்டுமா?

முதலில் வேலை. பென் டிரைவில் நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் இருக்கின்றன. மொத்தம் ஒன்பது மணி நேரம். எல்லாம் சேர்ந்து மூன்று ஜிபிதான். டிஸ்க்கில் நாலு ஜிபிக்கு மேல் இடம் உண்டு. அட, இவ்வளவுதானா என்று அப்படியே எழுதிப் பக்கத்து அறைக்காரரின் பழைய பிளேயரில் போட்டேன். டிஸ்க்கே இல்லை என்று அது சாதித்தது.

விஷயம் என்னவென்றால், போன் எல்லாவற்றையும் இறுக்கி அமுக்கி வைக்கிறது. பெரிய மெத்தையைச் சின்னப் பைக்குள் திணித்த மாதிரி. பழைய பிளேயருக்கு அந்தப் பையைப் பிரிக்கத் தெரியாது, விரித்துப் போட்ட மெத்தைதான் வேண்டும். விரித்தால் பதினெட்டு ஜிபி வருகிறது. நல்ல தெளிவாக வேண்டுமென்றால் ஒரு டிஸ்க்கில் இரண்டு மணி நேரம்தான் கொள்ளும். ஒன்பது மணி நேரமும் வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எந்தக் காட்சிகளை விடலாம் என்று எழுது.

படமும் சத்தமும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்க ஒரு நாற்பது நொடித் துண்டை மட்டும் மாற்றி, தனி டிஸ்க்கில் எழுதிப் பார்த்தேன். சேர்ந்து வந்தது. ஆனால் உன் உருவம் மேலும் கீழும் இழுத்து ஒட்டகச்சிவிங்கி ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டும்.

மாமா எதிலுமே இல்லை அக்கா. எல்லாவற்றிலும் நீதான் இருக்கிறாய். நான் எதைப் பிரித்து மூட்டினாலும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் வருகிறது என்று எனக்கு 'ஸ்க்ரூ' என்றே பேர் வைத்தாரே. இப்போது எந்த லிஃப்டைப் பிரித்தாலும் மிச்சம் வருவதில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆறு வருடம் போய்விட்டது.

உன் தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

மூன்று நாலுக்குள் அடங்காது என்கிற கணக்கை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். டேப் ரெக்கார்டரைப் பிரித்துவிட்டு, சரியாகிவிட்டது, ஆனால் பாட்டு மட்டும் வராது என்று சொன்னவன்தானே.

காட்சி எதையும் வெட்டக்கூடாது. அரை நிமிடம்கூட. தரை மட்டும் தெரிவது, இருட்டில் எடுத்தது, அணைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தது, எல்லாம் வேண்டும். படம் மங்கலானால் மங்கலாகிவிட்டுப் போகட்டும். வேறு எதையாவது விட வேண்டி வந்தால் என்னைக் கேட்டுவிட்டுச் செய். உன் இஷ்டத்துக்குச் செய்யாதே.

என்னை வரவேற்பு மேஜையிலிருந்து எடுத்து, பழைய பதிவேடுகள் வைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். நோயாளிகள் பேரை மூன்று தடவை சொல்லவேண்டி வந்ததால் புகார் வந்ததாம். நல்லதுதான். அங்கே யாரும் பேசுவதில்லை, ஆகவே "என்ன சொன்னீங்க" என்று நானும் கேட்க வேண்டியதில்லை. அலமாரிக்கும் எனக்கும் நன்றாகவே ஒத்துப்போகிறது.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அவர் யார் யார் காலிலோ விழாத குறையாக டிப்போவில் உனக்கு மெக்கானிக் வேலை வாங்கித் தந்தார். ஒன்பது நாள் போனாய். பத்தாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போனாய். ஊர் வாயெல்லாம் அவர்தான் கேட்டுக்கொண்டார். "என் மச்சினன்னு சொல்லித்தானே சேத்துவிட்டேன்" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நீ ஒரு போன் செய்யவில்லை. அவர் செத்தபோதும் வரவில்லை. வர வேண்டிய அன்றைக்கு வராதவன் இப்போது வந்து என்ன செய்யப் போகிறாய்? டிஸ்க் வந்தால் போதும்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, திட்டாதே. பகலில் லிஃப்ட், சாயங்காலம் உன் ஒன்பது மணி நேரம் என்று ஓடுகிறது. வழி கண்டுபிடித்துவிட்டேன். ஒரு நொடிகூட வெட்டவில்லை. படம் மங்கலானால் பரவாயில்லை என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறாய். எனக்கு மனசு கேட்கவில்லை. காது போகிறவளுக்கு நான் கண்ணையும் மங்கலாக்கித் தருவதா? படமும் ஓரளவு தெளிவாகத்தான் இருக்கும். கூடவே இன்னொன்றும் செய்துகொண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு தாமதம். பார்க்கும்போது உனக்கே தெரியும்.

என் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. மாற்றும்போது வீங்கிக்கொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொரு துண்டாக மாற்றி, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பழையதை அழித்துவிட்டு அடுத்ததை எடுக்கிறேன். அப்படியும் போதாமல் உன் பென் டிரைவையும் காலி செய்து அதிலும் பாதியை ஏற்றி வைத்திருக்கிறேன். இன்னும் முப்பது துண்டு பாக்கி.

டிப்போ விஷயத்தை இப்போது எழுதாவிட்டால் பிறகு எழுத மாட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு பஸ்ஸுக்கு பிரேக் பிரித்து மூட்டினேன். வண்டி போன பிறகு டிரேயைக் கழுவினால் ஒரு போல்ட் மிச்சம் கிடந்தது. அது மாமா ஓட்டுகிற பஸ். ஓடிப்போய் ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் அடுத்த ஸ்டாப்புக்குப் போன் செய்து வண்டியை நிறுத்திவிட்டார். ரேடியேட்டர் கோளாறு என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார்கள். "நீ வாயத் திறக்காத, நானும் திறக்கல" என்றார் ஃபோர்மேன். அன்று மாலை மாமா வீட்டுக்கு வந்து, ரேடியேட்டரைத் திட்டிக்கொண்டே எனக்குத் தட்டு வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து என்னால் சாப்பிட முடியவில்லை. அதனால்தான் போனேன்.

அவர் இறந்த அன்றைக்கும் நான் வந்தேன். தெருமுனையில் இறங்கினேன். வாசலில் டிப்போ ஆட்கள் காக்கிச் சட்டையோடு நின்றிருந்தார்கள். அந்த ஃபோர்மேனும் நின்றார். மருந்துக் கடை ஓரமாக ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டேன். நீ மாடி ஜன்னலைச் சாத்தியதைப் பார்த்தேன். இதை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

உன் தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஐந்து வாரமாகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போல்ட்டுக்காக உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தெருமுனை வரை வந்தாயே, அதற்குத்தான் வருகிறது. வராமலே இருந்திருந்தால் கல்நெஞ்சக்காரன் என்று ஒரேயடியாக நினைத்துவிட்டுப் போயிருப்பேன்.

செவ்வாய்க்கிழமையோடு இடது காது போய்விட்டது. காலையில் குக்கர் விசில் வரவில்லையே என்று காத்துக்கொண்டே இருந்தேன், அடி பிடித்த வாசனைதான் வந்தது. வலது காதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆள் பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்பது பாதிதான் தெரிகிறது. டாக்டர் சொன்ன ஜூன் வரைக்கும் அது தாங்காது போலிருக்கிறது.

அழகாகச் செய்கிறேன் என்று நாளைக் கடத்தாதே. வாய்விட்டுச் சொல்லக் கூடாதென்று இருந்தேன், சொல்லிவிடுகிறேன். எனக்குப் படம் எதற்கு? எல்லாவற்றிலும் நான்தானே இருக்கிறேன் என்று நீயே எழுதினாய். என் மூஞ்சியை நானே ஒன்பது மணி நேரம் பார்த்து என்ன செய்ய? அவர் போனைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். "மேடம் இங்க பாருங்க, மேடம் கொஞ்சம் சிரிங்க" என்று ஓயாமல் வம்பு இழுப்பார். அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். அவர் முகத்துக்கு எனக்குப் போட்டோ இருக்கிறது. குரலுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. காது இருக்கும்போதே ஒரு தடவை முழுக்கக் கேட்டுவிட வேண்டும்.

எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பு. உடனே அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது! டிஸ்க்கை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். பக்கத்து அறைக்காரரின் பிளேயரில் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் நிற்கவில்லை. நீயும் நீயாகவே இருக்கிறாய்.

எப்படி அடக்கினேன் என்று சொல்கிறேன். கணக்குப் பார்த்தால் இடத்தில் ஆறில் ஒரு பங்கைச் சத்தமே தின்றுகொண்டிருந்தது. உனக்கோ இன்னும் கொஞ்ச நாளில் அது உதவப் போவதில்லை. ஆகவே சத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டேன். பதறாதே. பேசியது எல்லாவற்றையும் நான் உட்கார்ந்து கேட்டு, எழுத்தாகத் தட்டி, படத்துக்குக் கீழே ஓடவிட்டிருக்கிறேன். இரண்டரை மாதம் இதற்குத்தான் ஆயிற்று. மாமா பேசியது, நீ பேசியது, இருமியது, சிரித்தது, ஹாரன் அடித்தது எல்லாம் இருக்கும். காது முழுவதும் போன பிறகும் நீ ஒரு வார்த்தைகூட விடாமல் தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 27

சத்தம் இல்லை.

பழைய பென் டிரைவை அதில் இருந்ததோடு உடனே அனுப்பு. பழைய வீடியோ எதையும் அழிக்கவில்லை என்று சொல். அழித்துவிட்டதாக மார்ச் மாதக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய், எடுத்துப் படித்துப் பார்த்தேன். இருந்தாலும் இல்லை என்று சொல்.


மே 5

அக்கா,

உன் ஏப்ரல் பதினெட்டுக் கடிதம், நான் பார்சல் அனுப்பி மூன்று நாள் கழித்து வந்தது. அதைப் படித்ததும் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன், அதற்குள் உன் அடுத்த கடிதமும் வந்துவிட்டது.

அழித்துவிட்டேன். பென் டிரைவில் மேலே மேலே எழுதி எழுதி, பழையது எதுவும் மிஞ்சவில்லை. இங்கே அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். லீவு போட்டுவிட்டு கம்ப்யூட்டரையும் பென் டிரைவையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். நாலு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, கிடைக்காது என்று தலையை ஆட்டிவிட்டார். என்னைக் கேட்டுவிட்டுச் செய் என்று நீ எழுதியிருந்தாய். காட்சியைத்தானே வெட்டக் கூடாது, சத்தம் காட்சி இல்லையே என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன்னிடம் கேட்டால் 'வேண்டாம், கஷ்டப்படாதே' என்பாய், சொல்லாமல் செய்து அசத்தலாம் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்று வேடிக்கையாகச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பது மணி நேரத்தையும் நான் ஹெட்போன் வைத்துக் கேட்டேன் அக்கா. சில இடத்தை ஒரு வார்த்தைக்காக இருபது தடவை கேட்டேன். அவர் குரல் இப்போது என் காதில் மட்டும்தான் இருக்கிறது. இதைவிடப் பெரிய திருட்டு நான் என்ன செய்துவிட முடியும்?

வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். நேற்று, மேஜையில் டீ கிளாஸுக்கு அடியில் ஒரு டிஸ்க் இருந்தது. மூன்று மாதமாக அதன்மேல்தான் கிளாஸை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் படமும் சத்தமும் சேருகிறதா என்று சோதித்த அந்த நாற்பது நொடி. துடைத்துப் போட்டேன், ஓடுகிறது. சத்தத்தோடு ஓடுகிறது. அதில் நீ முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாய். ஒட்டகச்சிவிங்கியாகத்தான் இருப்பாய். பேசுவதெல்லாம் அவர்தான். நூற்றுப் பன்னிரண்டில் அதை ஏன் சோதனைக்கு எடுத்தேன் என்பது கேட்டால் உனக்குப் புரியும்.

ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்திருக்கிறது. அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் தபாலில் போடவில்லை. பதிவேட்டு அறையில் ஒரு பழைய கோப்புக்குள் கிடக்கின்றன, யாராவது இருபது வருடம் கழித்துப் பார்த்துப் பயப்படட்டும்.

உன் நாற்பது நொடி வந்தபோது, பெரிய டிஸ்க் பிளேயருக்குள்ளேயே கிடந்தது. கோபத்தில் அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் பார்த்திருக்கவில்லை. தட்டைத் திறக்க ஒரு நாள் முழுக்க ஹேர்பின்னால் குடைந்தேன். அசையவில்லை. சரி, திறக்கிற வரை ஓடட்டும் என்று பெரியதைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அப்படியே ஒன்பது மணி நேரமும் பார்த்துவிட்டேன்.

நீ ஒன்றையும் விடவில்லை. அவர் உன்னைத் தண்டச்சோறு என்று சொன்னதைப் போட்டிருக்கிறாய். "உன் தம்பிக்கு முதுகெலும்புக்குப் பதிலா ரப்பர் ட்யூப்" என்றதையும் போட்டிருக்கிறாய். நாலு இடத்தில் உன்னைத் திட்டியிருக்கிறார், நாலும் இருக்கிறது. அந்த இடத்தில் உன் பேரை விட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியப் போகிறது? நீ விடவில்லை. அங்கேதான் எனக்கு உன்மேல் இருந்த கோபம் பாதி போயிற்று. மீதிப் பாதி இருக்கிறது. அது போகாது என்று நினைக்கிறேன், போனதாக உன்னிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.

எழுபத்துமூன்றாவது துண்டில் நான் பாத்திரம் கழுவுகிறேன். கீழே எழுத்து ஓடுகிறது. அதை அப்படியே ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டேன்:

"ஃபோர்மேன் இன்னைக்கு ரிட்டயர் ஆனாரு மேடம். போறப்ப ஒரு விஷயம் சொன்னாரு. நம்ம ஸ்க்ரூ அன்னைக்கு போல்ட் மிச்சம் வந்துச்சுன்னு ஓடிவந்து சொன்னானாம். (இருமல்) சொல்லாம விட்ருந்தா நான் இல்ல. மடையன், இதுக்கா ஓடிப்போனான். அவன் போன் பண்ணா நான் வீட்ல இல்லன்னு சொல்லிடு. (சிறிது நேரம் பேச்சு இல்லை) இல்ல... இருக்கேன்னே சொல்லு. கேட்டியா மேடம்?"

நான் திரும்பவே இல்லை. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த கிளாஸை எடுக்கிறேன். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். தம்பி, எனக்குக் கேட்கவே இல்லை. என் காது போக ஆரம்பித்தது எனக்கே தெரியாத காலம் அது. கேட்டிருந்தால் அன்றைக்கே உனக்குப் போன் செய்திருப்பேன். நீ வந்திருப்பாய். ஒன்றரை வருடம் நீங்கள் இருவரும் இந்த வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கலாம். நீ சத்தத்தை அப்படியே வைத்து அனுப்பியிருந்தாலும் இதை நான் இரண்டாம் தடவையும் கேட்டிருக்க மாட்டேன். நீ எழுத்தாகப் போட்டதால்தான் அவர் சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. இதற்காக உனக்கு நன்றி சொல்வதா, மற்றதற்காக அடிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் தட்டு தானாகவே திறந்தது. நாற்பது நொடியைப் போட்டேன். வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டி, சத்தத்தை முழுக்க வைத்தேன். அவர் குரல் வந்தது. அந்தக் கனம், அந்த இழுப்பு, அவர்தான். ஆனால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுவது மாதிரி இருந்தது. காகிதத்தில் சொல் இருந்தது, காதில் குரல் இருந்தது, இரண்டையும் என்னால் சேர்க்க முடியவில்லை.

அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. கீழ்வீட்டு டீச்சர். சத்தம் தாங்காமல் சண்டை போட வந்திருக்கிறாள். பெல் அடித்துப் பார்த்திருக்கிறாள், பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். என் முகத்தையும் காகிதத்தையும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி ஓடவிட்டேன். அவர் பேசப் பேச, அவள் ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துக்கொண்டே போனாள். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பிள்ளைக்குச் செய்வது போல. விரல் நகர நகர எனக்குக் கேட்டது. "மேடம்" கேட்டது. "ஸ்க்ரூ" கேட்டது. "இருக்கேன்னே சொல்லு" முழுதாகக் கேட்டது.

பத்து நாள் அவள் தினமும் சாயங்காலம் வந்தாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போட்டுக் கேட்போம். அவளுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. நேற்றும் வந்தாள். விரல் முதல் சொல்லிலிருந்து புறப்பட்டுக் கடைசிச் சொல்லில் போய் நின்றது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டோம். ஸ்பீக்கரில் கையை வைத்தால் அதிர்கிறது, காதை வைத்தால் ஒன்றுமில்லை. அவள் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். நான் அழுத சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

இனி அந்தக் குரல் உன் காதில்தான் இருக்கிறது. அதனால் வா. டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்போம், எந்த இடத்தில் அவர் இழுத்தார், எங்கே கேலியாகச் சொன்னார், எங்கே நிஜமாகவே திட்டினார் என்று நீ எனக்கு எழுதிக் காட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு வா, அந்தத் தட்டைச் சரி செய். மிச்சம் வந்தாலும் பரவாயில்லை.

மருந்துக் கடை ஓரத்தில் நிற்காதே. பெல்லை அடித்துவிட்டுக் காத்திருக்காதே, எனக்குக் கேட்காது. கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன், தள்ளிக்கொண்டு வா. நீ வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கீழ்வீட்டு டீச்சரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியே போயிருந்தாலும், தூங்கிக்கொண்டிருந்தாலும், கோபமாக இருந்தாலும், அக்கா இருக்கிறாள் என்றே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா